மோட்டார் சைக்கிளில் காற்றின் உஷ்ணத்தை அளத்தல்

இக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், வேகத்தையும் சென்ற தூரத்தையும் காட்டும் முகப்பிலேயே, வெளிக் காற்றின் உஷ்ணத்தைக் காட்டும் எண் ஒன்றும் காணப்படுகின்றது. குளிர் தேசங்களில் இதற்குப் பெரும் பயனுண்டு. காற்று 3 பாகை செல்ஸியஸ் அளவுக்கு இறங்கியதும், பாதையில் பனி உறைந்திருக்கலாம் என்று அவ்வெண்ணே சிமிட்டி எச்சரிக்கும் வண்டிகள் அங்கே ஓடுகின்றன. உறைபனியை அறியாத நம் சமவெளியில் இஃது எதற்கென்று சிலர் கேட்பர். நம் தோலின் உஷ்ணம் ஏறக்குறைய 35 பாகை. காற்று அதனினும் குளிர்ந்திருக்கும் வரையில், வண்டியின் வேகத்தால் எழும் காற்று நம் உடலின் வெப்பத்தை வாரிச் செல்லும். காற்று அதனைக் கடந்துவிட்டாலோ, அதே காற்று உடலில் வெப்பத்தைக் கொணர்ந்து சேர்க்கும். பின்னர் நம்மைக் காப்பது வியர்வை ஒன்றே. ஆதலின் வெளியே 38 பாகையா 43 பாகையா என்பது, சித்திரை வைகாசியில் வண்டியேறுகின்றவனுக்கு வீண் கேள்வியன்று.

இவ்வெண்ணை நம்புவதா என்பதே இங்கு வினா. என்னுடைய வண்டி வாங்கிய நாள் முதல், நகரத்துக்குள் செல்லும்போதெல்லாம் ஐந்தாறு பாகை மிகுதியாகவே காட்டிவந்தது. கடைவீதியில் வண்டிகளுக்கிடையே ஊர்ந்து செல்கையில் 46 என்றும் 47 என்றும் காட்டும்; வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் உஷ்ணமானியோ 39 அல்லது 40 என்று அமைதியாயிருக்கும். இதனை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், எல்லா வண்டியும் இப்படித்தான். அஞ்சைக் கழிச்சுப் பார்த்துக்குங்க" என்றார். எளிய வழியாகத் தோன்றியதால் நானும் அவ்வாறே கழித்துவந்தேன்.

ஒரு மே மாதத்து நண்பகலில் வேலூரிலிருந்து வாணியம்பாடிக்குப் புறப்பட்டேன். நெடுஞ்சாலையில் வண்டி 43 காட்டியது. ஐந்தைக் கழித்து 38 என்று கொண்டு, நிழலில் தங்காமலே சென்றேன். ஆம்பூரை அணுகுகையில் வாய் உலர்ந்து, தலை சுற்றி, கைகள் தளர்ந்தன. சாலையோரத்துப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாய்ந்துவிட்டேன். அங்கே மோர் விற்றுக்கொண்டிருந்த அம்மையார், "என்ன தம்பி, இந்த வெயில்ல வண்டி ஓட்டலாமா?" என்று கடிந்துகொண்டே இரண்டு குவளை மோரும் முகத்துக்குத் தண்ணீரும் தந்தார். அன்று வேலூரில் உஷ்ணம் 42 பாகைக்கு மேல் ஏறியதென்று மாலையில் அறிந்தேன். அஃதாவது, வண்டி அன்று ஏறக்குறைய மெய்யே சொல்லியிருந்தது. பொய்யென்று நானாக முடிவு செய்து ஐந்தைக் கழித்ததே பொய்யாயிற்று. நகரத்தில் ஐந்து பாகை தவறும் கருவி நெடுஞ்சாலையில் ஏன் தவறவில்லை? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்து நான் அறிந்தனவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

முதலில் நாம் மனத்தில் இருத்தவேண்டியது ஒன்றுண்டு. எந்த உஷ்ணமானியும் காற்றின் உஷ்ணத்தைக் கூறுவதில்லை. தன் உஷ்ணத்தையே கூறுகின்றது. பாதரசக் குமிழாயினும், வண்டியிலுள்ள சிறு மின்னுறுப்பாயினும் இது பொதுவிதி. அவ்வுறுப்பின் உஷ்ணமும் காற்றின் உஷ்ணமும் ஒன்றாயிருக்கும்படி செய்வது நம் பொறுப்பு, கருவியின் பொறுப்பன்று. எனவே கருவி தவறாகக் காட்டுகின்றதென்றால், இரண்டிலொன்று நேர்ந்திருக்கவேண்டும். தன் உஷ்ணத்தையே அது சரியாகக் கூறவில்லை. அல்லது, சரியாகக் கூறுகின்றது, ஆனால் அதன் உஷ்ணம் காற்றின் உஷ்ணமாயில்லை. முன்னது கருவியின் குற்றம்; பின்னது இருக்குமிடத்தின் குற்றம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் செய்யும் திருத்தம் எதுவும் நிலைக்காது.

வண்டியிலுள்ள உறுப்பு தெர்மிஸ்டர் எனப்படும். மிளகளவோ பட்டாணியளவோ உள்ள ஒரு மணியாக, பிளாஸ்டிக் உறையொன்றினுள் அடங்கியிருக்கும். உலோகக் கம்பியின் மின்தடை சூடேற ஏற மிகும். இதன் தடையோ சூடேறக் குறையும். சூடேற்றினால் மின்தடை குறையும் பொருளும் உண்டென்பதை, வெள்ளி ஸல்பைடை ஆராய்ந்து 1833ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே கண்டறிந்தார். இன்று பெரிதும் வழங்கும் ஒரு வகையில், 25 பாகையில் 10,000 ஓம் தடை இருக்கும். அதுவே 0 பாகையில் ஏறக்குறைய 33,000 ஓம் ஆகும். 45 பாகையில் ஏறக்குறைய 4,350 ஓம் ஆகும். முகப்பிலுள்ள சிறு கணக்கி இத்தடையை அளந்து, பாகையாக மாற்றிக் காட்டுகின்றது.

இதனால் ஒரு விளைவு உண்டு. உறுப்புக்கும் முகப்புக்கும் இடையேயுள்ள கம்பியிணைப்பில் களிம்பேறித் தடை மிகுந்தால், கருவி குளிர்ச்சியாகக் காட்டும். இணைப்பினுள் நீர் புகுந்து மின்சாரம் கசிந்தால், சூடாகக் காட்டும். எனவே வேறெதுவும் செய்யுமுன் அவ்விணைப்பைக் கழற்றித் துடைத்து உலர்த்திப் பார்ப்பது நலம். ஐந்து நிமிஷ வேலை. சில வண்டிகளில் இதுவே போதும்.

இனிக் கருவியைச் சோதிக்கும் விதம். இதற்கு ஆய்வுச்சாலை வேண்டுவதில்லை; வீட்டிலுள்ள பொருள்களே போதும். வாயகன்ற பிளாஸ்க் ஒன்றில், தூய நீரால் செய்த பனிக்கட்டியைப் பொடித்து நிரப்பி, இடுக்குகள் நிரம்புமளவு குளிர்ந்த நீர் விட்டுக் கலக்கவேண்டும். உப்பு ஒரு துளியும் கலத்தல் கூடாது. கலந்தால் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். உறுப்பை வண்டியில் பொருத்தியுள்ள இடத்திலிருந்து கழற்றி, கம்பியோடு மெல்லிய பிளாஸ்டிக் பையிலிட்டு, அக்குழம்பினுள் பத்து நிமிஷம் அமிழ்த்தினால், முகப்பு 0 காட்டவேண்டும்.

இரண்டாவதற்கு, வீட்டில் காய்ச்சல் பார்க்கும் உஷ்ணமானி உதவும். பலர் இதனை நினைப்பதில்லை. 35 முதல் 42 பாகை வரையில், பத்தில் ஒரு பாகைக்குள் திருத்தமாகக் காட்டும் கருவி நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றதென்றால், அஃது அது ஒன்றே. நமக்கு வேண்டிய கோடை உஷ்ணமும் அந்த எல்லைக்குள்ளேயே இருப்பது நம் நற்பேறு. பிளாஸ்க்கில் 40 பாகையளவு வெந்நீர் நிரப்பி, இரண்டையும் அருகருகே இட்டு ஒப்பிடுக. பாதரசக் கருவியாயின் நீரைக் கைவிட்டுப் பார்த்தபின்னரே இடவேண்டும். மேலெல்லையைக் கடந்த சுடுநீர் கண்ணாடியை வெடிக்கச் செய்துவிடும்.

என் வண்டியின் கருவி பனிக்கட்டியில் 1 என்றும், 40 பாகை நீரில் 41 என்றும் காட்டியது. ஒரு பாகைக்குக் குறைந்த பின்னங்களை அது காட்டுவதில்லையாதலால், இதற்கு மேல் திருத்தம் எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆகவே கருவியின் குற்றம் ஒரு பாகையே. மற்ற நான்கைந்து பாகைகள் இடத்தின் குற்றம் என்று தெளிவாயிற்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். கருவி மிகையாகக் காட்டுகின்றதென்று, தெர்மிஸ்டரோடு தொடர்வரிசையில் ஒரு மின்தடையைச் சேர்த்து எண்ணைக் குறைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நானும் அவ்வாறு செய்ய எண்ணி 1,000 ஓம் தடையொன்று வாங்கிவைத்திருந்தேன். நல்ல காலம், அதனை இணைக்குமுன் கணக்கிட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன வகையில், 45 பாகையில் 4,350 ஓமோடு 1,000 ஓம் சேர்ந்தால் முகப்பு ஐந்து பாகைக்குச் சற்று மிகுதியாகவே குறைத்துக் காட்டும். 25 பாகையில் 10,000 ஓமோடு சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு பாகை குறைக்கும். 0 பாகையிலோ அரைப் பாகைதான் குறைக்கும். நகரத்தில் ஊர்கையில் அது சரியாகத் தோன்றும். நெடுஞ்சாலையில், உண்மையில் 43 ஆயிருக்கையில், 38 என்று காட்டும். என் மனக்கணக்கு செய்த அதே தவற்றை அது கம்பியும் ஈயமும் கொண்டு நிலைநாட்டியிருக்கும்.

இடத்தின் குற்றம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை இனி நோக்குவோம். உறுப்பு பல வழிகளில் வெப்பம் பெறுகின்றது. மேலிருந்து சூரிய கிரணம் விழுகின்றது. கீழிருந்து தார்ச்சாலையின் அனல் வீசுகின்றது. நண்பகலில் தார் 60 பாகை வரை காய்வதுண்டு. செருப்பின்றி நடந்தவர் அறிவர். பின்னாலிருந்து எஞ்ஜின் அனல் வீசுவதோடு, வண்டி நிற்கையில் அதனைச் சூழ்ந்த சூடான காற்றும் மேலெழுந்து வருகின்றது. உறுப்பைத் தாங்கும் இரும்புப் பட்டையும், அதன் கம்பியும் வெப்பத்தைக் கடத்திக் கொணர்கின்றன. இவ்வளவு வெப்பத்தையும் வாங்கிச் செல்வதற்கு உறுப்பின் மேல் ஓடும் காற்று ஒன்றே உண்டு. காற்று விரைந்து ஓடினால் உறுப்பு காற்றின் உஷ்ணத்தை நெருங்கும். மெல்ல ஓடினால் விலகும். நெடுஞ்சாலையில் மெய்யும் கடைவீதியில் பொய்யும் உரைத்ததன் காரணம் இதுவே. ஒரே அளவாகக் கழிக்கும் எந்தத் திருத்தமும் இங்கே பயன்படாதென்பதும் இதனாலேயே விளங்கும்.

வேகமாகச் சென்றால் காற்றடித்து உஷ்ணமானி குளிர்ந்து, உண்மையினும் குறைவாகக் காட்டுமே என்று என் மாணவர் ஒருவர் வினவினார். பலரும் இவ்வாறே நினைக்கின்றனர். அது பிழை. உலர்ந்த பொருளை, காற்றுத் தன் உஷ்ணத்துக்குக் கீழே குளிர்விக்கமாட்டாது. நமக்குக் குளிர்வது நம் உடல் காற்றினும் சூடாயிருப்பதாலும், வியர்வை ஆவியாவதாலுமே. ஆனால் உறுப்பு நனைந்திருந்தால் கதை வேறு. மழைத் துளியோ சக்கரம் வாரியிறைத்த நீரோ அதன்மேல் பட்டு ஆவியாகுங்கால், நம் வியர்வையைப்போல் அதுவும் குளிர்ந்து, காற்றினும் பல பாகை குறைவாகக் காட்டிவிடும். மறுபுறம், வேகத்தால் காற்று மோதி அமுங்கி உறுப்பைச் சூடாக்காதோ என்றால், ஆக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது அரைப் பாகைக்கும் குறைவு. மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் ஆகாய விமானத்தில் அது 30 பாகையைத் தாண்டும். அக்கவலையை விமானிகளுக்கே விட்டுவிடுவோம்.

உஷ்ணமானிக்கு நிழலும் காற்றோட்டமும் ஒருங்கே தரவேண்டுமென்பதை வானிலை நூலார் நெடுநாளாக அறிவர். இரட்டைச் சட்டப் பலகைகளாலான வெண்ணிறப் பெட்டியொன்றை 1864இல் தாமஸ் ஸ்டீவன்ஸன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பொறியாளர் அமைத்தார். கலங்கரை விளக்கங்கள் கட்டியவர். ஆங்கில நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனின் தந்தையார். காற்று வீசாத வேளையில் அப்பெட்டியும் சற்றே சூடேறும். அக்குறையைப் போக்க, ஜெர்மானியரான ரிச்சர்டு அஸ்மன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு கருவி செய்தார். ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய, பளபளக்கும் இரு உலோகக் குழாய்களின் நடுவே உஷ்ணமானியின் குமிழை வைத்து, கடிகார யந்திரத்தால் சுழலும் விசிறி ஒன்றினால் காற்றை உறிஞ்சி அதன்மேல் ஓடச் செய்தார். கொளுத்தும் வெயிலில் வைத்தாலும் அது காற்றின் உஷ்ணத்தையே காட்டும். இத்தகைய கருவிகளுக்கு விநாடிக்கு இரண்டரை மீட்டர் காற்றோட்டம் போதுமென்பர். மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகமே அது! மோட்டார் சைக்கிள் தன் ஓட்டத்தினாலேயே அதனைத் தந்துவிடுகின்றது; விசிறியும் வேண்டுவதில்லை. குறையாயிருப்பவை அவ்விரு குழாய்களே.

அவற்றை நான் தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் வாங்கினேன். வெண்ணிறப் பி.வி.சி. குழாயில் இரண்டு துண்டுகள். ஒன்று 40 மில்லிமீட்டர் அகலம், மற்றது 25. நீளம் எட்டு ஸென்டிமீட்டர். சிறியதன் மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, மூன்று ரப்பர்த் துண்டுகளை இடுக்கி, பெரியதனுள் எங்கும் தொடாதபடி நிறுத்தினேன். உறுப்பு சிறிய குழாயின் நடுவே, சுவரில் படாமல், தன் கம்பியிலேயே தொங்குகின்றது. கம்பியும் நான்கைந்து ஸென்டிமீட்டர் குழாயினுள்ளேயே வருமாறு விட்டதனால், அது வெளியிலிருந்து கொணரும் வெப்பம் உறுப்பைச் சேருமுன்னே காற்றில் கரைந்துவிடும். முன்வாயில், பூச்சிகள் புகாதிருக்கச் சிறு வலைத்துண்டு. பின்வாய்க்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு வெண் தகடு. எஞ்ஜினின் அனல் நேரே பார்க்காதிருக்கவே இது. தகட்டைக் குழாயோடு ஒட்டிவிட்டால் காற்றோட்டம் நின்றுபோம்.

எங்கே கட்டுவது என்பதே மிகுந்த யோசனைக்குரியது. முன்னிருந்த இடம் முன்விளக்கின் பின்னால், எஞ்ஜினுக்கு நேர் மேலே. அதனினும் தவறான இடத்தைத் தேடினாலும் கிடைப்பது அரிது. விளக்குக்கு அருகில் வைத்தல் கூடாது, அதுவும் சூடேறும். சக்கரத்தின் மட்கார்டை ஒட்டி வைத்தால் நீர் தெறிக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் இரு கால்களுக்கும் நடுவே, மட்கார்டுக்கு ஒரு சாணுக்கு மேலும் விளக்குக்கு அதேயளவு கீழும் ஓர் வெற்றிடம் இருந்தது. எஞ்ஜினுக்கு முன்னால், நேரே காற்று வரும் இடம். அங்கேயே பொருத்தினேன். சக்கரம் பள்ளத்தில் விழுந்து கவை அமுங்குகையில் மட்கார்டு மேலெழுந்து குழாயை இடிக்கின்றதா, கைப்பிடியை இரு புறமும் முற்றத் திருப்புகையில் கம்பி இழுபடுகின்றதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். இவற்றில் அசட்டையாயிருந்தால் உஷ்ணத்தை அளப்பதற்குப் பதிலாக உயிரைப் பணயம் வைக்க நேரும். கம்பியை இரண்டு சாண் நீட்டவேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான ஓம்களின் முன் அத்தாமிரக் கம்பியின் தடை கணக்கில் வாராது. ஈயத்தால் ஒட்டிய முனைகளை மட்டும் நீர் புகாதபடி மூடினேன்.

இதன் பயனை அறிய ஏலகிரி மலை உதவிற்று. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்குப் பதினான்கு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர் பெயர்களும் வள்ளல்கள் பெயர்களும் இட்டிருக்கின்றனர். ஏறுகையில் எஞ்ஜின் கடுமையாக உழைக்கும், வேகமோ குறைவு. இறங்குகையில் எஞ்ஜினுக்கு வேலையில்லை. ஆகவே ஒரே வளைவில், ஏறும்போதும் இறங்கும்போதும் கருவி காட்டும் எண்களின் வேறுபாடு, எஞ்ஜின் சேர்க்கும் பொய்யின் அளவாகும். இடைப்பட்ட நேரம் குறைவாயிருத்தல் வேண்டும். காற்றின் உஷ்ணமே மாறிவிடலாகாதன்றோ? பழைய இடத்தில் உறுப்பு இருந்தபோது, ஒன்பதாம் வளைவில் ஏறுகையில் 36, அரைமணி கழித்து இறங்குகையில் 31 எனக் காட்டிற்று. புதிய இடத்தில் அதே வளைவில் 31, 30. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே சுமார் 700 மீட்டர் ஏற்றமாதலால், உஷ்ணம் ஏறக்குறைய நாலரை முதல் ஏழு பாகை வரை குறைதல் இயற்கை. முன்பு மலையேறியும் எண் குறையாததைக் கண்டு வியந்ததுண்டு. இப்பொழுது ஐந்து குறைகின்றது.

இன்னும் இரண்டு வேறுபாடுகள் எஞ்சுகின்றன. அவை குற்றங்கள் அல்ல. வானிலை நிலையத்தார் கூறும் உஷ்ணம், திறந்த வெளியில், தரைக்கு நாலடி உயரத்தில், நிழற்பெட்டியினுள் அளக்கப்படுவது. நம் குழாயோ காய்ந்த தார்ச்சாலையின் மேல், அதனினும் தாழ்வாகச் செல்கின்றது. நண்பகலில் அங்கே ஓடும் காற்றே ஓரிரு பாகை சூடாயிருக்கும். அதனை உள்ளவாறே காட்டுகின்ற கருவியைப் பத்திரிகை எண்ணோடு ஒப்பிட்டுப் பழித்தல் தகாது. இரவில் இதற்கு மாறாக, திறந்த வானத்தின்கீழ் நிற்கும் வண்டியின் பாகங்கள் தம் வெப்பத்தை வானுக்கு வீசிக் காற்றினும் குளிர்ந்துவிடும். விடியலில் இருக்கையின்மேல் பனித்துளி படிந்திருப்பது அதனாலேயே. ஆகையால் விடியற்காலையில் கருவியை ஒப்பிட விரும்புவோர், வண்டியை முந்திய இரவே கூரையின் கீழ் நிறுத்தி வைத்தல் வேண்டும்.

நிற்கும் வண்டியில் மட்டும் குழாய் முழுப் பயன் தருவதில்லை. ஜோலார்பேட்டை ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் காத்திருந்தால், இப்பொழுதும் எண் இரண்டு பாகை ஏறுகின்றது. கேட் திறந்து புறப்பட்டபின், பிளாஸ்டிக் உறைக்குள்ளிருக்கும் அம்மணி பழைய நிலைக்கு வர மூன்று நிமிஷம் ஆகின்றது. அதுவரையில் நான் முகப்பைப் பார்ப்பதில்லை. அதன்பின் தோன்றும் எண்ணில், பனிக்கட்டி காட்டிக்கொடுத்த அந்த ஒன்றை மட்டும் கழித்துக்கொள்கின்றேன். 40க்கு மேல் நின்றால், அடுத்த மரத்தடியில் வண்டியை நிறுத்திவிடுகின்றேன்.